பாறை தொடாத வீடு

கல்லாம்பள்ளத்தில் வீடு கட்டுவதென்றால் முதலில் கீழே போக வேண்டும், அப்புறம்தான் மேலே வர முடியும். இரண்டு பக்கமும் சுண்ணாம்புக் கரடு, நடுவில் ஓர் ஓடை, ஓடைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் கறுத்துக் கிடக்கிற மண், அவ்வளவுதான் எங்கள் ஊர், ஆனால் அந்த மண்ணை நம்பி ஒரு கோழிக்கூடுகூட வைக்க முடியாது. மழை விழுந்தால் பொங்கி எழும், வெயில் அடித்தால் சுருங்கி வாயைப் பிளக்கும், பிளந்த வாயில் கொலுசு போகும், சாவிக்கொத்து போகும், ஒரு பங்குனியில் அடைகாக்க இடம் தேடிய கோழியே போனது, அடுத்த கார்த்திகையில் மண் தன்னைத்தானே புரட்டிப் போட்டுக்கொள்ளும்போது போனதெல்லாம் ஒவ்வொன்றாக மேலே வரும், கோழியைத் தவிர. கரட்டு ஓரத்தில் நாலடி தோண்டினால் பாறை வந்துவிடும், ஓடைப் பக்கம் பதினாலடி போக வேண்டும். எத்தனை அடியானாலும் பாறையைத் தொட்டுவிட்டு வந்தால்தான் சுவர் நிற்கும், இல்லாவிட்டால் மூன்றாம் வருஷம் வீடு நடுவில் விரிந்து, அடுப்படியில் இருப்பவள் தெருவைப் பார்த்துக்கொண்டு குழம்பு தாளிப்பாள்.

இந்த மண்ணைத் திட்டாமல் எங்களுக்குப் பொழுது விடிவதில்லை. ஈரத்தில் நடந்தால் காலுக்கு ஒரு படி மண் ஒட்டும், அதனால் ஒவ்வொரு வாசலிலும் கால் வழிக்க உடைந்த அரிவாள் ஒன்றை நட்டு வைத்திருக்கிறோம், புதிதாகக் கல்யாணமாகி வருகிற பெண்ணுக்கு மாமியார் முதலில் காட்டுவது சாமி மாடத்தை அல்ல, அந்த அரிவாளைத்தான். ஆனால் மழை நின்று இரண்டு மாதம் கழித்தும் அது உள்ளுக்குள் ஈரம் வைத்திருந்து, மாசிப் பனியை மட்டும் நம்பி நிற்கிற பருத்திச் செடிக்குக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுத்துக் காய் வெடிக்க வைக்கும், அப்போது திட்டியதையெல்லாம் மறந்துவிடுவோம்.

தனக்கொடியின் வீடு நடக்கத் தொடங்கியது, அது கட்டி முடித்த ஆறாம் மாதம், ஐப்பசியில். காலையில் வாசல் தெளிக்க வந்தவள், முந்தின நாள் போட்ட கோலம் வாசற்படியை விட்டு நாலு விரல் தள்ளிக் கிடப்பதைப் பார்த்தாள். கோலம் நகரவில்லை, வீடுதான் பின்னால் போயிருந்தது. அவள் புதுப் படிக்கு முன்னால் இன்னொரு கோலம் போட்டாள், மறுநாள் அதுவும் தள்ளிக் கிடந்தது, அந்த மழைக்காலம் முடிவதற்குள் அவள் வாசலில் ஏழெட்டு முழத்துக்குக் கோலங்கள் வரிசையாகக் கிடந்து, ஒவ்வொன்றாக மழையில் கரைந்தன. தை பிறந்து மண் இறுகியதும் வீடு நின்றுவிட்டது. அடுத்த ஐப்பசியில் மறுபடி புறப்பட்டது.

வாசல் கிழக்கே பார்த்த வீடு, போனதோ மேற்கே, அதாவது முதுகைக் காட்டிக்கொண்டே போனது. மேற்கே, தொண்ணூறு முழத்துக்கு அப்பால், அவள் தம்பி பழமலையின் வீடு இருந்தது. அந்த வீட்டின் அஸ்திவாரத்தைப் போட்டதும் பழமலைதான், தனக்கொடி வீட்டின் அஸ்திவாரத்தைப் போட்டதும் அவன்தான், சொல்லப்போனால் பள்ளத்தில் பாதி வீடுகளுக்கு அவன்தான் கொத்தனார். அவன் கட்டியதில் அக்காள் வீடு ஒன்றுதான் நடந்தது.

இங்கே எங்கள் ஊர் வழக்கம் ஒன்றைச் சொல்ல வேண்டும். அஸ்திவாரக் குழி பாறையைத் தொட்டதும் கொத்தனார் கீழே நின்று கடப்பாரையால் மூன்று முறை இடிப்பார். வீட்டுக்குரியவர் பத்தடி தள்ளி வெறுங்காலோடு கண்ணை மூடி நிற்பார். பள்ளத்துக்கு அடியில் பாறை ஒரே பலகையாக ஓடுவதால், உண்மையாகவே பாறை என்றால் அந்த அதிர்வு மண்ணுக்குள் ஏறி உள்ளங்காலுக்கு வந்துவிடும். வந்தால் அவர் "வந்துருச்சி" என்று சொல்ல வேண்டும், அதற்குப் பிறகுதான் தேங்காய் உடைப்பதும் முதல் கல் வைப்பதும். கொத்தனார் சொன்னால் போதாது, கால் சொல்ல வேண்டும். கல்லாம்பள்ளத்தில் யாருடைய காலும் அதுவரை பொய் சொன்னதில்லை, தன் வீட்டுக்குத் தானே பொய் சொல்லிக்கொள்கிறவர் யார் இருக்கிறார்?

தனக்கொடியின் காலும் சொல்லியிருந்தது, நாங்கள் பத்துப் பேர் பக்கத்தில் நின்று கேட்டோம். கால் சரியாகச் சொல்லியும் வீடு நிற்கவில்லை என்றால் கடப்பாரையில்தான் தில்லுமுல்லு இருக்க வேண்டும் என்று நாங்கள் முடிவு கட்டினோம். இரண்டாம் வருஷக் கோடையில், வீடு விட்டுப் போன பழைய இடத்தில் மண் வெடித்தபோது, உள்ளே நத்தைச் சுருள் அச்சு ஒன்று தெரிந்தது. இந்தப் பக்கத்து மண்ணில் கல்லாகிப் போன நத்தைகள் கிடைப்பது சாதாரணம், உழும்போது கைக்கடக்கமாய் இரண்டு மூன்று வரும், பிள்ளைகள் வைத்து விளையாடுவார்கள், ஆனால் இது ஒரு களத்துமேட்டு அகலம் இருந்தது. ஆக, பழமலை பாறை என்று நினைத்துத் தொட்டது ஒரு நத்தையின் முதுகை, அதன் மேல் வைத்த வீடு அதோடு போகிறது, இதில் குழம்ப ஒன்றுமில்லை. கல் ஆராய்கிறவர் ஒருவர் நகரத்திலிருந்து ஜீப்பில் வந்து, அந்த ஜாதி நத்தை செத்துப் பல கோடி வருஷம் ஆகிறது என்று எங்களுக்கு விளக்கினார். இருக்கலாம் என்று ஒப்புக்கொண்டு, மோர் கொடுத்து அனுப்பி வைத்தோம். அப்படியும் பழி பழமலை மேலேயேதான் நின்றது, நத்தைக்கும் பாறைக்கும் வித்தியாசம் தெரியாத கொத்தனார், அக்காளின் காலையே ஏமாற்றிய கைகாரன் என்று பேசினோம். பேசுவதற்கு எங்களுக்குச் சொல்லியா கொடுக்க வேண்டும்.

ஒருவரும் அவனை அஸ்திவாரத்துக்குக் கூப்பிடவில்லை. அவன் கடப்பாரையைக் கழுவி எண்ணெய் தடவிப் பரணில் போட்டான், சுண்ணாம்புக்கல் சுரங்கத்துக்கு லாரி ஏற்றப் போனான், அக்காள் வீட்டுப் பக்கம் போவதை நிறுத்தினான். ஆனாலும் ஒவ்வொரு பொங்கலுக்கும் பிறந்த வீட்டுச் சீர் தவறியதில்லை. கரும்பும் மஞ்சள் கொத்தும் பச்சரிசியும் ஒரு புதுச்சேலையும் அவன் மனைவி கொளஞ்சி தலையில் ஏறி வரும், அவன் வரமாட்டான். தாய் தகப்பன் போன பிறகு அவனை இடுப்பில் சுமந்து வளர்த்தவள் தனக்கொடி. கட்டின மூன்றாம் வருஷமே புருஷனை இழந்து, பிள்ளையும் இல்லாமல், பருத்தி எடுத்தும் மிளகாய் காயவைத்து விற்றும் அந்த வீட்டைக் கட்டியவள். சேலையை வாங்கி மடியில் வைத்துக்கொண்டு, தம்பிக்கு இருமல் எப்படி இருக்கிறது என்று மட்டும் கேட்பாள். கொளஞ்சி பதில் சொல்லிவிட்டு, திரும்பும்போது ஒவ்வொரு வருஷமும் கொஞ்சம் குறைவாக நடந்து வீட்டுக்குப் போவாள்.

நடக்கிற வீட்டோடு வாழ எங்களுக்கு இரண்டு வருஷம்கூடத் தேவைப்படவில்லை. மின்சார லைன்மேன் கம்பத்தில் ஒயரை வளையமாகச் சுற்றி வைத்துவிட்டு, ஐப்பசி வந்தால் எட்டு முழம் அவிழ்த்து விடுவான். தபால்காரர் முதலில் ஓடையைப் பார்ப்பார், தண்ணீர் எவ்வளவு ஓடியிருக்கிறதோ அதைக் கணக்கிட்டு அவ்வளவு மேற்கே சைக்கிளைத் திருப்புவார். கிராம நிர்வாக அலுவலர் தன் பதிவேட்டில் "மேற்படி வீடு உள்ளது, எல்லை மழையைப் பொறுத்தது" என்று எழுதினார், அவருக்குப் பின் வந்தவர் அதைப் படித்துவிட்டு ஒன்றும் கேட்காமல் கையெழுத்துப் போட்டார். ஐந்தாம் வருஷம் வீடு வண்டிப்பாதையின் நடுவில் போய் நின்றது, நாங்கள் பாதையைச் சுற்றிப் போட்டோம், வீடு கடந்து போன பிறகும் பழக்கத்தில் சுற்றியே போகிறோம். மழை நாளில் அவள் வீட்டுக்குப் போனால் டம்ளரில் காபி லேசாக ஆடும், உட்கார்ந்திருப்பவர்களுக்கு இதமாகத் தூக்கம் வரும், கைக்குழந்தை தூங்காவிட்டால் பெண்கள் அங்கேதான் தூக்கிக்கொண்டு ஓடினார்கள்.

எதிர்ப்பு சொன்னது கலியபெருமாள் ஒருவன்தான். இரண்டு வீட்டுக்கும் நடுவில் இருந்த பருத்திக்காடு அவனுடையது. மூன்று சால் பருத்தி வீட்டுக்கு அடியில் போய்விட்டது என்று ஊரைக் கூட்டினான், வீட்டைப் பார்த்துக் கையை நீட்டி ஏசினான், வீடு தன் பாட்டுக்குப் போய்க்கொண்டிருந்தது. அடுத்த பருவத்தில் வீடு விட்ட இடத்தில் சும்மா இறைத்த கொத்தமல்லி இடுப்பளவு எழுந்து மணத்தது, உழாமலே மண் அப்படிப் புரண்டிருந்தது. அதற்குப் பிறகு கலியபெருமாள் காலையில் தனக்கொடியிடம் காபி குடிக்க வருவான், வீட்டைக் கொஞ்சம் இடது பக்கமாக விட முடியுமா, அந்த மூலை மண் சவளை, விளைச்சலே இல்லை என்று கேட்பான். அவள் சிரித்துவிட்டு, அதற்கு ஒரே திக்குதான் தெரியும் என்பாள்.

அது உண்மை. பதினோரு வருஷத்தில் அந்த வீடு ஒரு விரல்கூட விலகாமல் பழமலை வீட்டை நோக்கியே போனது. பதினோராம் வருஷம் புரட்டாசியில் தனக்கொடி வீட்டுப் பின்சுவருக்கும் பழமலை வீட்டு முன்வாசலுக்கும் நடுவில் ஐந்து முழம் பாக்கி இருந்தது.

அப்போதுதான் ஊருக்குப் பயம் வந்தது. பழமலை வீடு பாறையில் நிற்கிறது, அது அசையாது. தனக்கொடி வீடு நிற்காது. இந்த மழைக்கு இரண்டும் மோதும், எது உடைந்தாலும் உள்ளே ஆள் இருப்பார்கள். ரேஷன் கடை முன்னால் பஞ்சாயத்துக் கூடியது. மழைக்கு முன் தனக்கொடி வீட்டை இடித்துவிடுவது, கரட்டுச் சரிவில் புதுக் காலனியில் அவளுக்கு ஓர் இடம் ஒதுக்குவது என்று தலைவர் சொன்னார். காலனி அங்கிருந்து ஒன்றரை மைல். தனக்கொடி முந்தானையைப் பிடித்துக்கொண்டு தரையைப் பார்த்து நின்றாள். கலியபெருமாள்தான் குறுக்கே பேசினான், இடிப்பதற்குப் பதிலாகப் பின்பக்கம் குழி போட்டு வீட்டைப் பாறையோடு கட்டி நிறுத்தலாம், அந்த வேலை தெரிந்தவன் ஊரில் ஒருவன்தான் என்றான்.

எல்லோரும் திரும்பிப் பார்த்தோம். பழமலை கடைசி வரிசையில் சுண்ணாம்புப் புழுதி படிந்த சட்டையோடு உட்கார்ந்திருந்தான்.

"நான் கடப்பாரையத் தொட்டு பதினோரு வருசம் ஆச்சி," என்றான். "ஏமாத்துக்காரன் கைன்னு நீங்கதான சொன்னீங்க. அந்தக் கைய நம்பி இன்னொரு தடவ என்னாத்துக்கு குழி போடுறீங்க."

அப்போது தனக்கொடி செருப்பைக் கழற்றிவிட்டு நடுவில் வந்து நின்றாள். பஞ்சாயத்தில் செருப்பைக் கழற்றுவது வழக்கம் இல்லை, ஏன் கழற்றினாள் என்று யாருக்கும் புரியவில்லை.

"அவன் ஏமாத்தல," என்றாள். "அன்னைக்கு அவன் மூணு அடி அடிச்சான். மூணுக்கும் எங்காலுக்கு ஒன்னும் வரல. வந்துருச்சின்னு நாந்தான் பொய் சொன்னேன்."

ஏன் சொன்னாய் என்று தலைவர் கேட்டார், கோபமாகக்கூட இல்லை, சின்னக் குரலில்.

"சித்திரை வெயிலு. மூணு நாளா காய்ச்சலோட குழியில நின்னான். மேலேருந்து பாக்குறேன், தொட ரெண்டும் நடுங்குது. இன்னும் ரெண்டடி தோண்டுடா தம்பின்னு சொல்ல எனக்கு வாய் வரல."

சரி, வீடு நகர்ந்த பிறகாவது சொல்லியிருக்கலாமே, உன் தம்பி பெயர் இப்படிக் கெடும்போது வாயை மூடிக்கொண்டா இருப்பாய் என்று யாரோ கேட்டார்கள். கேட்டது நான்தான், பெயர் கெடுத்தவர்களில் நானும் ஒருவன் என்பது அந்த நேரம் எனக்கு மறந்துவிட்டது.

"மொத வருசம் பயம்," என்றாள் தனக்கொடி. "ஊரு வழக்கத்துல பொய் சொன்னவன்னு என்னைய ஒதுக்கிருவீங்கன்னு. அப்பறம் அவன் பேசாம போய்ட்டான். இத ஊருகிட்ட சொல்றதா பெருசு, அவன் மூஞ்சியப் பாத்து சொல்லணும். வூடுதான் அவங்கிட்ட போய்க்கிட்டு இருக்கே, கிட்டப் போனதும் சொல்லிக்கலாம்னு இருந்துட்டேன்."

நாங்கள் பழமலையைப் பார்த்தோம். அவன் எழுந்து, துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போய்விட்டான். தனக்கொடி அவன் முதுகு மறையும் வரை நின்றாள், பிறகு செருப்பைப் போடாமல் கையில் எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போனாள். அன்று அவளை ஒதுக்க எங்களில் யாருக்கும் நாக்கு எழவில்லை. எங்களுக்கு எங்கள் முகத்தையே பார்க்கப் பிடிக்கவில்லை. மறுநாள் வெற்றிலை பாக்கோடு நாலு பேர் பழமலையிடம் போனோம், இனி ஊரில் எந்த வீட்டுக்கும் அவன்தான் அஸ்திவாரம் போட வேண்டும் என்று சொன்னோம். அவன் தட்டைத் தொடவில்லை. கொளஞ்சி மட்டும் எங்களுக்குத் தண்ணீர் கொடுத்தாள்.

இடிப்பதற்கு நாள் குறிப்பதற்குள் மழை முந்திக்கொண்டது. அந்த வருஷம் ஐப்பசி முதல் தேதியே வானம் இறங்கியது, எட்டு நாள் விடாமல் பெய்தது, மண் மாவாகப் பொங்கியது, வீடு அதுவரை இல்லாத வேகத்தில் போனது. ஐந்து முழம் நாலானது, மூன்றானது. கொளஞ்சி தினமும் காலையில் குடையோடு வந்து இடைவெளியை முழம் போட்டுப் பார்த்து எங்களிடம் சொன்னாள், பிறகு சாண் போட்டாள். தனக்கொடியை வெளியே வரச் சொல்லி மன்றாடினோம், தான் வந்துவிட்டால் வீட்டுக்கு யார் இருக்கிறார்கள் என்றாள். பழமலையை வீட்டைக் காலி செய்யச் சொன்னோம், அவன் கேட்டதாகவே காட்டிக்கொள்ளவில்லை. எட்டாம் நாள் சாயங்காலம் நடுவில் ஒரு முழம்தான் இருந்தது, ஓர் ஆள் பக்கவாட்டில் நிற்கலாம்.

ஒன்பதாம் நாள் காலை தூறல் மட்டும் இருந்தது. பழமலை பரணிலிருந்து கடப்பாரையை இறக்கிக்கொண்டு வெளியே வந்தான். எண்ணெய் தடவி வைத்திருந்ததால் துரு ஏறவில்லை. வீட்டை இடிக்கத்தான் வருகிறான் என்று நினைத்துக் கலியபெருமாள் ஓடிப்போய்க் கையைப் பிடித்தான், பழமலை அவனை மெதுவாக விலக்கிவிட்டு, இரண்டு வீட்டுக்கும் நடுவில் இருந்த இடுக்கில் தன்னை நுழைத்துக்கொண்டு, அக்காள் வீட்டுப் பின்சுவரில் காதை வைத்தான். அந்தச் சுவரில் ஜன்னல் கிடையாது, கதவு கிடையாது. பதினோரு வருஷமாக முதுகைக் காட்டிக்கொண்டே அவனிடம் வந்த சுவர் அது.

"அக்கா," என்றான். உள்ளே பாத்திரம் ஒன்று கீழே வைக்கப்படுகிற சத்தம் கேட்டது.

"எனக்கும் தெரியுங்க்கா. மொத அடியிலயே தெரியும். பாறன்னா கை எரியும், அன்னைக்கு எரியல. தல தூக்கி உன்னப் பாத்தேன். உச்சி வெயில்ல வெறுங்காலோட நின்ன. சூடு தாங்காம கால மாத்தி மாத்தி வச்ச. இன்னும் ரெண்டு நாளு தோண்டுனா இன்னும் ரெண்டு நாளு நிப்பியேன்னு, நீ வந்துருச்சின்னு சொன்னதும் சரின்னு ஏறிட்டேன்."

காதை இன்னும் நெருக்கமாகச் சுவரில் அழுத்தினான்.

"உனக்கு பாற இல்லாத வூட்டக் கட்டிக் குடுத்துட்டு எந்த மூஞ்சிய வச்சிக்கிட்டு வருவேன்," என்றான். "கோவம்னு ஊரு நெனச்சிது. நீயும் நெனச்சிட்டியா?"

ஓர் அடி பின்னால் நகரக்கூட இடமில்லாத அந்த இடுக்கில், தன் வாசற்படியில் ஒரு காலை ஊன்றி, கடப்பாரையைத் தாழ்த்திப் பிடித்து, சுவரின் அடியில் மூன்று முறை இடித்தான். முழுப் பலத்தோடு இல்லை, குழியில் நின்று இடிக்கிற கொத்தனார் எப்படி இடிப்பாரோ அப்படி, ஒவ்வொன்றுக்கும் நடுவில் நிதானம் விட்டு இடித்தான்.

தூறல் எங்கள் தலையில் விழுந்துகொண்டிருந்தது.

"வந்துருச்சி," என்றாள் தனக்கொடி உள்ளேயிருந்து. "வந்துருச்சிடா தம்பி."

கலியபெருமாள் தேங்காய் எடுத்து வர ஓடினான், வழுக்கி விழுந்து எழுந்து மறுபடி ஓடினான். வழக்கப்படி தேங்காய் உடைந்த பிறகு பழமலை கதவுக்கு அளவு பார்த்துச் சுவரைப் பிரிக்க ஆரம்பித்தான். கதவுக்கு மேலிருந்துதான் பிரித்துக்கொண்டு வர வேண்டும், அது அவனுக்குத் தெரியாததல்ல, ஆனால் அவன் கீழிருந்து ஆரம்பித்தான், நாங்கள் யாரும் திருத்தவில்லை. அன்றைக்குப் பின் அந்த வீடு நகரவில்லை, மறுநாள் காலை தனக்கொடியின் கோலம் படியை ஒட்டி அப்படியே இருந்தது, நடுவில் மிஞ்சிய ஒரு முழ இடைவெளிக்கு மேல் ஒரு பலகை போட்டு இரண்டு வீட்டுக்கும் இன்றுவரை போக்குவரத்து நடக்கிறது. லைன்மேனுக்கு மட்டும் ஒயரை அவிழ்க்க வேலையில்லாமல் போனதில் கொஞ்சம் வருத்தம்.

ஆனால் அதெல்லாம் பிறகு. அப்போது முதல் நாலு செங்கல் பெயர்ந்து விழுந்து, முழங்கால் உயரத்துக்கு ஓட்டை விழுந்ததும், உள்ளே முதலில் தெரிந்தது தனக்கொடியின் கால்கள், ஈரத் தரையில் பத்து விரலும் பதிந்து, அன்றைக்கு நின்றதுபோலவே வெறுங்காலாக. பழமலை கடப்பாரையைக் கீழே வைத்துவிட்டு, குந்தி உட்கார்ந்து, கையை உள்ளே விட்டு அந்தப் பாதத்தைத் தொட்டான்.

"சுடுதாக்கா?" என்று கேட்டான்.

"இல்லடா தம்பி," என்றாள் தனக்கொடி. "இப்ப சுடல."